ரத்தம் நல்லா இருக்காம்!

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் எப்போதும் நிரம்பித்தான் வரும். போன மாதம் ஒரு நாள், கையில் என் நீல நிற ஐஸ் பெட்டியோடு இடித்துப் பிடித்து உள்ளே நுழைந்தேன். பக்கத்தில் நின்ற அங்கிள் பெட்டியை ஆசையாகப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, ஐஸ்கிரீமா?”

“இல்ல அங்கிள், ரத்தம்.”

அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார். அவர் அமுக்கியிருந்தது கடைசி மாடி பட்டன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு தடவை... நான் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி உதவியாளர். பக்கவாதம் வந்து சிகிச்சை முடிந்தவர்களின் ரத்தத்தை வாங்கி, ஐஸில் வைத்து, லேப்புக்கு ஓடுவது என் வேலை. ஓடுவது என்றால் நிஜமாகவே ஓடுவது. நான் நடந்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

எதற்கு இந்த ஓட்டம்?

பக்கவாதத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் உறைந்த ரத்தக் கட்டி ஒன்று போய் அடைத்துக்கொள்கிறது. முன்பெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இப்போது மருந்து ஏற்றிக் கரைக்கிறார்கள். இல்லையென்றால் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, மூளை வரைக்கும் கொண்டு போய், கட்டியை இழுத்து வெளியே எடுத்துவிடுகிறார்கள். கேட்டால் கட்டுக்கதை மாதிரி இருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். கட்டுக்கதை இல்லை.

ஆனால், கட்டியை எடுத்த பிறகுதான் புதிர் ஆரம்பிக்கிறது. ஒரே மாதிரி அடைப்பு, ஒரே டாக்டர், ஒரே சிகிச்சை. ஒருவர் நடந்து வீட்டுக்குப் போகிறார். இன்னொருவருக்குக் கை எழும்பவே இல்லை. மூன்றாமவர் நன்றாக இருந்து, திடீரென்று மூளை வீங்குகிறது, அல்லது அடைப்பு இருந்த இடத்திலேயே ரத்தம் கசிகிறது, அல்லது நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல்.

யாருக்கு எது? முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ரத்தத்துக்குக் கொஞ்சம் தெரியும். மூளையில் நரம்பு இழைகள் சேதமானால் அதிலிருந்து ஒரு புரதம் கசிந்து ரத்தத்தில் கலக்கிறது. உடம்புக்குள் எங்கேயாவது அழற்சி தொடங்கினால் அதற்கு வேறு சில எண்கள் ஏறுகின்றன. பயோமார்க்கர் என்று பெயர். நான் ‘துப்பு’ என்று சொல்லிக்கொள்வேன். சில துப்புகள் உறைபெட்டிக்குப் போய் மாதக்கணக்கில் காத்திருக்கும். சில அன்றைக்கே பதில் சொல்லிவிடும். இவற்றை வைத்து, யார் தேறுவார், யாருக்குச் சிக்கல் வரும் என்று கணிக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வு.

அதாவது, வானிலை அறிக்கை மாதிரி. மழை வர வாய்ப்பு குறைவு என்று சொல்வோம். குடையைத் தூக்கி எறி என்று சொல்வதில்லை.

நம் ஆட்களிடம் இதை விளக்கிப் பாருங்கள். “அதெல்லாம் இருக்கட்டும், பிழைப்பாரா மாட்டாரா?” என்பார்கள். நடுவில் நிற்கும் பதில் யாருக்கும் வேண்டாம். நோயாளி ஒருவரைப் பார்க்க வந்த சித்தப்பா என்னிடம், அந்த நோயாளியின் ரத்தத்தில் என்ன எண் வந்தது என்று விடாமல் கேட்டார். சொல்லக்கூடாது என்றேன். “சரி, கடைசி நாலு நம்பர மட்டுமாவது சொல்லு” என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இந்த நாட்டின் லாட்டரிக் கடைகளில் நாலு நம்பருக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மணியம் அண்ணன் — எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன் — பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்பவர். ஷிஃப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினார். கால் வரவில்லை. வலது கை தொங்கியது.

“ஏறு லா மணியம், வெயில் கொளுத்துது” என்று பின்னால் நின்றவர் தள்ளியிருக்கிறார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வந்தது. சொல் வரவில்லை.

பஸ் டிரைவர் கெட்டிக்காரர். அவரைப் படுக்க வைத்து, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரிக்கே விட்டுவிட்டார். அவசரப் பிரிவு வாசலில் சீருடையோடு ஒரு முழு ஷிஃப்டும் இறங்கியதைப் பார்த்த காவலாளி, ஃபேக்டரியில் ஏதோ வெடித்துவிட்டது என்றே நினைத்தாராம்.

நேரத்தோடு வந்ததால் கட்டியை எடுக்க முடிந்தது. எல்லாம் சரியாகவே நடந்தது. வலது விரல்கள் லேசாக அசைந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. தொண்டையும் பலவீனம்.

“விழுங்கற தசை இப்ப தூங்குது. வாய் வழியா எதுவும் குடுக்காதீங்க. தண்ணிகூட வேணாம். தப்பான குழாயில போனா நேரா நுரையீரல். அப்புறம் நாம செஞ்ச எல்லாமே வீணாயிடும்.” இது டாக்டர் லிம் மலாயில் சொன்னதை நான் தமிழில் சொன்னது. சின்ன வயது டாக்டர், என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், வேகமாகப் பேசுவார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் மணியம் அண்ணனின் மனைவி பரமேஸ் அக்கா. பள்ளிக்கூட கேன்டீனில் சமையல். குரலை உயர்த்தத் தெரியாதவர். எங்கள் ஆய்வுக்கு ரத்தம் எடுக்கச் சம்மதமா என்று நான் கேட்டபோது, “எடுத்துக்கம்மா. மெதுவா எடு. கொசு கடிச்சாலே அவரு கோவப்படுவாரு” என்றார்.

இன்னொருவர் நாகம்மா அக்கா. மணியம் அண்ணனின் மூத்த அக்கா. செய்தி கேட்ட உடனே பாலோ ஊரிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். செம்பனைத் தோட்டத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல், வார்டுக்குள்ளும் அதே அளவில்தான் வந்தது.

வந்ததும் முதல் வேலையாகக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

“உப்பு. எல்லாம் இவ போடற உப்பு. கேன்டீன்ல அண்டாவுல போட்டுப் போட்டு, வீட்டுலயும் அதே கை.”

“நான் உப்பு கொறச்சு ரொம்ப நாளாச்சு அண்ணி.”

“கொறச்சதுக்கா இப்படிப் படுத்திருக்கான்?”

பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டி முதல் வார்டு நர்ஸ் மிஸி ரோஹானி வரைக்கும், வார்டு முழுக்க உப்பு விஷயம் பரவிவிட்டது. மொழியே தேவைப்படவில்லை.

மணியம் அண்ணனுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். அதில் மிஸி ரோஹானி நேரத்துக்கு நேரம் வெள்ளையாக ஒரு சத்துக் கலவையை ஊற்றுவார். கட்டில் தலைமாட்டில் ‘புவாசா’ என்று ஓர் அட்டை. நோன்பு என்று பொருள். வாய் வழியாக ஒன்றும் தரக்கூடாது என்பதை இங்கே ஆஸ்பத்திரியில் அப்படித்தான் எழுதி வைப்பார்கள்.

மறுநாள் டாக்டர் லிம் ரவுண்ட்ஸ் வந்தார். நானும் பெட்டியோடு நின்றேன். ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. அழற்சி எண்கள் குறைவு. மூளை வீங்கும் அறிகுறி இல்லை. ஸ்கேனும் சுத்தம்.

“ரத்தம் நல்லா இருக்கு. சிக்கல் வர்ற வாய்ப்பு குறைவு. ஆனா...”

‘ஆனா’வுக்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்கும் பரமேஸ் அக்காவுக்கும்தான். நாகம்மா அக்கா அதற்குள் கதவுக்கு வெளியே போய் போனைக் காதில் வைத்திருந்தார்.

“ரத்தம் நல்லா இருக்காம்! டாக்டரே வாயால சொல்லிட்டாங்க! ஆமா... ரத்தத்த வச்சே கண்டுபிடிச்சிடறாங்களாம். மெஷின்ல போட்டுப் பாத்துட்டாங்க. இனிமே ஒண்ணும் வராதாம்!”

பாலோவுக்குப் போன செய்தி, பெக்கான் நானாஸ் சொந்தங்களுக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மருமகனுக்குப் போய், அவன் பரமேஸ் அக்காவுக்கே போன் செய்து, “அத்தை, மாமாவுக்குக் குணமாயிடுச்சாமே!” என்று கேட்டிருக்கிறான்.

எனக்கும் உள்ளுக்குள் குஷிதான். துப்பு சரியாகப் போகிறதே! அன்றைக்கு லேப்புக்குப் படியிலேயே ஓடினேன்.

அதற்கு அடுத்த நாள் மதியம், விசிட்டிங் நேரம். நம் ஜனங்கள் வெறும் கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு கையில் ஃபிளாஸ்க், மறு கையில் பை, பைக்குள் பழம், பழத்துக்கு மேல் விபூதிப் பொட்டலம். நோயாளி மயக்கத்தில் இருந்தாலும் சரி, ‘ஒரு வாய்’ உள்ளே போனால்தான் பார்த்துவிட்டு வந்த திருப்தி.

அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நாகம்மா அக்கா கோவிலுக்குப் போய் வந்து தம்பி நெற்றியில் விபூதி பூசியிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அதற்கு மறுநாள் காலை மணியம் அண்ணனுக்குக் காய்ச்சல். மூச்சில் கரகரப்பு. நான் எடுத்துப் போன ரத்தத்தில் அழற்சி எண்கள் ஏறிக்கிடந்தன. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளைத் திட்டு.

நிமோனியா.

எங்கள் ஆய்வுத் தலைவரிடம் சொன்னேன். அவர் நிதானமானவர். “கணிப்பு எல்லாருக்கும் பலிக்காது. ஒரு கேஸ் தவறிடுச்சுன்னு குறிச்சு வை” என்றார். அறிவியலில் அது சரியான பதில். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அப்படியே தலைகீழாக மாறுமா? ரத்தத்துக்குத் தெரியாமல் உள்ளே என்ன வந்தது?

வார்டில் டாக்டர் லிம்மும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“யாராவது வாயில ஏதாவது குடுத்தீங்களா? தண்ணி, மைலோ, ஏதாவது?”

“இல்லவே இல்ல டாக்டர்” என்றார் பரமேஸ் அக்கா.

நாகம்மா அக்காவும் தலையை ஆட்டினார். “சாப்பாடா? சேச்சே. ஒரு பருக்கைகூட இல்ல.”

டாக்டர் லிம் மூச்சை இழுத்துவிட்டார். என்னைப் பார்த்து, இதைக் கவனமாகச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.

“ஒண்ணுமே குடுக்காம இப்படி ஆயிருந்தா, அவரோட எச்சிலே தப்பான வழியில எறங்குதுன்னு அர்த்தம். அப்படின்னா தொண்டை நாம நெனச்சதவிட மோசம். இப்போதைக்கு விழுங்கற பயிற்சியெல்லாம் தள்ளி வைக்கணும். ரொம்ப நாளைக்குக் குழாய்தான். வயித்துல சின்னதா ஓட்டை போட்டு, அது வழியா சாப்பாடு குடுக்க வேண்டியும் வரலாம். அத இப்பவே யோசிச்சு வச்சுக்கணும்.”

பரமேஸ் அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அப்ப... அவரு வாயால சாப்பிடவே மாட்டாரா?”

“தெரியல.”

வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்குச் சோறு போட்டவர் கேட்ட கேள்வி அது. அதற்கு நான் மொழிபெயர்த்த பதில் ஒரே சொல்.

தண்ணீர் பிடிக்கும் மெஷின் பக்கம் ஒதுங்கினேன். பின்னாலேயே செருப்புச் சத்தம். நாகம்மா அக்கா. முதல் முறையாக மெதுவான குரலில் பேசினார்.

“தங்கச்சி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கக்கா.”

“பாலு... சாப்பாட்டுல சேருமா?”

கையிலிருந்த கப் நிரம்பி வழிந்தது. மூடிவிட்டுத் திரும்பினேன்.

“எவ்ளோ குடுத்தீங்க?”

“ரெண்டு மூணு ஸ்பூனு. சும்மா பாலு இல்ல, அபிஷேகப் பாலு. ரத்தம் நல்லா இருக்குன்னு சொன்னாங்களே, அதுக்காக முருகனுக்குப் பால் அபிஷேகம் வேண்டியிருந்தேன். ஐயர் புட்டியில ஊத்திக் குடுத்தாரு. பரமேஸ் மருந்து வாங்கப் போயிருந்தா. பிரசாதத்த வாசலோடயா வச்சிட்டு வர முடியும்?”

“புவாசான்னு அட்டை தொங்குதேக்கா...”

“அதான் சோறு குடுக்கலையே! வெரதம்னா நாம பாலும் பழமும் சாப்பிடறதில்ல? பழங்கூட நான் குடுக்கல. அதுவும் அந்த மிஸி மூக்குல வெள்ளையா ஊத்துதே, அது என்னா? அது ஊத்துனா மருந்து, நான் ஊத்துனா வெஷமா?”

யோசித்துப் பார்த்தால் இதில் எந்த இடத்தில் தவறு சொல்வீர்கள்? விரதத்தில் பால் கணக்கில்லை. பிரசாதம் சாப்பாடே இல்லை. வெள்ளைத் திரவம் அவர் வயிற்றுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சாட்சிக்கு ஒரு மிஸி. அதற்கு மேல், சிக்கல் வராது என்று ரத்தமே சொல்லிவிட்டது!

“அக்கா, அந்தக் குழாய் ஹைவே மாதிரி. நேரா வயித்துக்குப் போவுது. வாய் வழியா போனா தொண்டையில ஒரு சந்தி இருக்கு. ஒரு பக்கம் வயிறு, ஒரு பக்கம் நுரையீரல். வழி காட்டற டிராஃபிக் போலீஸ் இன்னும் வேலைக்கு வரல.”

அவர் முகம் சுருங்கியது.

“குடிச்சதும் இருமுனான். பொறையேறிடுச்சு, யாரோ நெனைக்கிறாங்கன்னு தலையில தட்டி விட்டேன்...”

நாம் எல்லோரும் அப்படித்தான் தட்டுகிறோம். யார் நினைத்தார்கள் என்று ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் பார்க்கிறோம். நினைத்துக்கொண்டு நின்றவர் ஸ்பூனோடு எதிரிலேயே இருந்திருக்கிறார்.

“டாக்டர்கிட்ட சொல்லணும்க்கா.”

“ஐயோ, வேணாம்! பரமேஸுக்குத் தெரிஞ்சா? உப்பு உப்புன்னு அவள எல்லாருக்கும் முன்னாடி...” நிறுத்திக்கொண்டார். பிறகு, “நீ சொல்லிடேன். யாரோ பாக்க வந்தவங்க குடுத்துட்டாங்கன்னு.”

“யாருன்னு கேப்பாங்க.”

“பெக்கான் நானாஸ்காரங்கன்னு சொல்லு. அவங்கதான் எங்க போனாலும் எதையாவது தூக்கிட்டு வருவாங்க.”

“அவங்க இன்னும் வரவே இல்லியே?”

“நாளைக்கு வருவாங்க லா.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். “அக்கா, டாக்டர் சொன்னத மறுபடி நெனச்சுப் பாருங்க. ஒண்ணும் குடுக்காம இப்படி ஆச்சுன்னாதான் தொண்டை மோசம், வயித்துல ஓட்டை. பால் போனதுனால ஆச்சுன்னா... அது வேற கணக்கு. நீங்க சொல்லாட்டி, அவரு எச்சில்தான் குத்தவாளி.”

நாகம்மா அக்கா சுவரைப் பார்த்தார். தம்பிக்கு ஊட்டி வளர்த்த கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி விறுவிறுவென்று வார்டுக்குள் நடந்தார். ஓடித்தான் பழக்கம் எனக்கு, ஆனாலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

டாக்டர் லிம் கட்டில் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எதிரே பரமேஸ் அக்கா. நாகம்மா அக்கா மலாயிலேயே ஆரம்பித்தார்.

“டாக்டர். சயா பாகி சுசு.”

நான் பால் கொடுத்தேன். மூன்றே சொற்கள். வார்டு முழுக்கக் கேட்டது. குரல் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது.

டாக்டர் லிம் நிமிர்ந்தார். “சுசு? எப்போ?”

“நேத்து. சாமி பாலு.”

“அலமாக், அக்கா!” டாக்டர் நெற்றியில் கை வைத்தார். அடுத்த நொடி... அவர் சிரித்ததை நான் பார்த்தேன். “பாகுஸ்! பாகுஸ்! நல்ல வேளை சொன்னீங்க!”

நாகம்மா அக்கா திகைத்துப் போனார். “என்னா தங்கச்சி இது? வெஷம் வச்சேன்னு சொல்றேன், நல்லதுங்கிறாங்க?”

பால் போய்த்தான் நிமோனியா என்றால் தொண்டை இன்னும் கைவிட்டுப் போகவில்லை. காய்ச்சல் அடங்கியதும் விழுங்கும் சோதனையைச் செய்து பார்க்கலாம். வயிற்றில் ஓட்டை போடும் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம். இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் மொழிபெயர்த்தேன். டாக்டர் மருந்தை மாற்றி எழுதிவிட்டுப் போனார். போகும்போது நாகம்மா அக்காவின் தோளை லேசாகத் தட்டிவிட்டும் போனார்.

பரமேஸ் அக்கா நாகம்மா அக்கா பக்கம் திரும்பினார். உப்புக்கு இப்போது பதில் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டியும் எதிர்பார்த்தார்.

உப்பு வரவில்லை.

“அண்ணி,” என்றார், எப்போதும் போல அதே தணிந்த குரலில். “படுத்திருக்கறவங்க வாயில பால் ஊத்துறது எப்பன்னு உங்களுக்குத் தெரியாதா?”

அவ்வளவுதான். நாகம்மா அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எந்த வீட்டிலும் கடைசியாகச் செய்யும் காரியம் அது என்று அவருக்கு அந்த நிமிடம்தான் உறைத்திருக்க வேண்டும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்தக் குரலிலிருந்து சத்தம் வராமல் இருந்ததுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

“நான் ஊருக்குப் போயிடறேன் பரமேஸு.”

“எங்க போறீங்க? நாளையிலேர்ந்து நான் கேன்டீனுக்குப் போகணும். இங்க ஆள் வேணும். நீங்கதான் இருக்கணும்.”

“என்னிய நம்பியா விட்டுட்டுப் போற?”

“இனிமே உங்களவிட யாரு பயப்படுவா?”

பெரிய படிப்பு படித்த எங்கள் குழுவில் யாருக்கும் தோன்றாத யோசனை. நானும் அப்போது அதைப் புரிந்துகொள்ளவில்லை. மறுநாள்தான் புரிந்தது.

மறுநாள் பெக்கான் நானாஸ்காரர்கள் சொன்னபடியே வந்தார்கள். ஒரு மாமா, ஒரு அத்தை, ஒரு பெரிய அன்னாசி. சின்ன டப்பாவில் அதையே சாறாகவும் பிழிந்துகொண்டு வந்திருந்தார்கள். கட்டிலுக்கு முன்னால் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார் நாகம்மா அக்கா. சோதனைச் சாவடிதான்.

“பைய அங்க வைங்க. டப்பாவ மூடுங்க.”

“நாக்குல தொட்டு வைக்கிறேன்க்கா, ருசிக்கு. ஒரு சொட்டு.”

“ஒரு சொட்டு எங்க போவும்னு தெரியுமா ஒனக்கு? தொண்டையில சந்தி இருக்கு. போலீஸ் லீவு!”

“என்னாக்கா சொல்றீங்க? பாசத்துல கொண்டாந்தோம்.”

“பாசமா? இந்தா, கால் இருக்கு. புடிச்சு விடு. வாய்ப் பக்கம் வராதே.”

பெக்கான் நானாஸ் மாமா பயபக்தியோடு மணியம் அண்ணனின் வலது காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். பிஸியோதெரப்பிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு, எப்படி மடக்கி நீட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் கையோ காலோ பங்கு பிரித்துத் தரப்பட்டது. மிஸி ரோஹானி என்னிடம், இந்த அக்காவை வேலைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

ஆய்வுக் கூட்டத்தில் நான் நடந்ததைச் சொன்னேன். தலைவர் பேனாவை மூடி வைத்தார். “அப்படின்னா ரத்தம் தப்பா சொல்லல. நாமதான் அதச் சத்தமா சொல்லிட்டோம்” என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. மழை வராது என்று அறிவித்தால் மேகம் அதைக் கேட்டு மனம் மாறிவிடுவதில்லை. நோயாளியைச் சுற்றி நிற்பவர்கள் அப்படியா? நல்ல சொல் காதில் விழுந்ததும் ஓடிப் போய் அபிஷேகம் செய்கிறார்கள். கெட்ட சொல் விழுந்தால் சிலர் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டையும் பார்த்திருக்கிறேன். எந்தப் புரதத்தை அளந்தால் இது தெரியும் என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

காய்ச்சல் இறங்கியது. அழற்சி எண்களும் இறங்கின. நுரையீரல் தெளிந்ததும் விழுங்கும் சோதனைக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கு ரத்தம் எடுக்கும் முறை இல்லை. ஆனாலும் போய் நின்றேன்.

மணியம் அண்ணனை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். விழுங்கும் பயிற்சி தரும் தெரப்பிஸ்ட் கூழ் போல் கெட்டியாக்கிய தண்ணீரை ஸ்பூனில் எடுத்து அவர் வாயில் வைத்தார். தொண்டை மேல் இரண்டு விரல். பரமேஸ் அக்கா கண் கொட்டாமல் பார்த்தார். நாகம்மா அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொண்டை ஏறி இறங்கியது.

இருமல் இல்லை.

இன்னொரு ஸ்பூன். ஏறியது, இறங்கியது. இருமல் இல்லை. தெரப்பிஸ்ட் தலையை ஆட்டி, ஸ்பூனைப் பக்கத்தில் நின்ற நாகம்மா அக்காவிடமே நீட்டினார். “நீங்க குடுங்க. மெதுவா.”

நாகம்மா அக்கா திரும்பினார். ஸ்பூனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். மணியம் அண்ணன் குழந்தை போல வாயைத் திறந்துகொண்டு அவரையேதான் பார்த்தார்.

அவர் கை ஸ்பூன் பக்கம் போகவில்லை. ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“பரமேஸு குடுக்கட்டும்,” என்றார். “அவ கைதான் அளவான கை.”

ரத்தம், நாம் கேட்டதும் சொல்லிவிடுகிறது. ரத்த சொந்தத்திடம்தான் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது.